பதினெட்டு நிமிடம் முந்திய பள்ளிக்கூடம்

"நான் லேட்டா வரல சார். கையெழுத்துப் போட மாட்டேன்."

தங்கப்பொண்ணு இதைச் சொன்னபோது தாளாளர் ஸ்டீபன் சார் பேனா மூடியைக் கழற்றி, பேனாவை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆயா அவருக்கு இப்படிப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மேசையில் கிடந்த கடிதத்தில் மூன்றே வரிகள். 'நான் தொடர்ந்து தாமதமாகப் பணிக்கு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். இனி இவ்வாறு நடக்காது. மன்னிக்க வேண்டுகிறேன்.' ஆபீஸ் கிளார்க் ஜெனி அடித்துக் கொடுத்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. எட்டாவது வரை படித்தவள் தங்கப்பொண்ணு. வரிக்கு வரி விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை மேசையின் அந்தப் பக்கத்துக்கே தள்ளிவிட்டாள்.

"மெஷின் சொல்லுதே. இந்த மாசம் பதினோரு நாள் லேட்."

"மெஷின் சொன்னா ஆச்சா? ஏழு அம்பதுக்கு நான் ரேகை வைக்கிறேன். எட்டு நாலுங்குது."

"மெஷின் பொய் சொல்லாது, தங்கப்பொண்ணு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

ஸ்டீபன் சார் தாளை மறுபடி அவள் பக்கமே தள்ளினார். 'லேட்டாக வந்தவர்கள்' என்று வாசல் போர்டில் அவள் பெயரை ஏற்கெனவே ஒட்டியாயிற்று. இப்போது பத்து நாள் தவணை கொடுத்தார். அடுத்த வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலையில் அந்தத் தாள் கையெழுத்தோடு வர வேண்டும். வராவிட்டால் அவள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

தங்கப்பொண்ணுக்கு நாற்பத்தாறு வயது. சோழவந்தானில் வீடு. புருஷன் சங்கிலி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவன். விடியற்காலையில் அவளும் அவனோடு இறங்கி ஆறரை வரை கிள்ளிவிட்டு, குளித்து, ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளி இருக்கிற கோச்சடைக்கு வருவாள். பதினோரு வருஷமாக எல்.கே.ஜி. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, சோறூட்டி, நனைத்துக்கொண்ட கால்சட்டையை மாற்றி விடுகிற வேலை. கைராசிக்காரி என்று பெயர். வாய்க்காரி என்றும் பெயர். நின்ற பஸ்ஸில் ஏறவிடாமல் விசில் கொடுத்த கண்டக்டரை மேலக்கால் ஸ்டாப் வரைக்கும் விடாமல் கேள்வி கேட்டு வந்தவள். அந்த ஆள் அதற்குப் பிறகு அவள் படியேறி உட்காரும் வரை விசிலைத் தொடுவதில்லை. ஆனால் அவள் வாயால் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவள் மடியில் எந்தக் கனமும் இருந்ததில்லை.

அவளுக்கு வேலை நேரம் எட்டு மணி. பஸ் ஏழு நாற்பத்திரண்டுக்குக் கோச்சடையில் இறக்கிவிடும். ஆறு நிமிஷ நடை. கேட்டில் வாட்ச்மேனிடம் செல்போனைக் கொடுத்து டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே வந்தால் ஏழு ஐம்பது. பதினோரு வருஷமாக இதுதான். முன்பெல்லாம் நோட்டில் கையெழுத்து. இந்த ஜூனில் பள்ளி திறந்தபோதுதான் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டரும், வாசலில் ரேகை மெஷினும் வந்தன. கட்டைவிரலை வைத்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்து மணி எத்தனை என்று காட்டும். எட்டைத் தாண்டிவிட்டால் சிவப்பு. மெஷினுக்கென்று தனி நேரம் கிடையாது. கம்ப்யூட்டர் என்ன நேரம் சொல்கிறதோ அதுதான் அதற்கும்.

முதல் ஐந்து வாரம் பச்சைதான். ஆறாவது வாரம் திங்கட்கிழமை அவள் விரலை வைத்ததும் சிவப்பு எரிந்தது. எட்டு இரண்டு. பஸ் என்றும்போல்தான் வந்தது. அவளும் என்றும்போல்தான் நடந்தாள். அவளுக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. பக்கத்து மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் '8.02' என்று எழுதி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். டிக்கெட்டின் முன்பக்கத்தில் அவள் ஏறிய நேரம் அச்சாகியிருந்தது. பின்னால் எவன் கேட்டாலும் காட்ட ஒரு சாட்சி வேண்டும் என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள். அன்றிலிருந்து ஒரு டிக்கெட்டையும் கசக்கி எறியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும். ஸ்டீபன் சாரின் அப்பா, எல்லோரும் பெரிய சார் என்று சொல்கிறவர், பள்ளியைத் தொடங்கியபோதே ஒரு சட்டம் போட்டார். ஊர்க் கடிகாரத்தைவிடப் பள்ளிக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓட வேண்டும். முந்துகிறவன்தான் முன்னுக்கு வருவான் என்பார். நம் ஊரில் எந்த வீட்டில்தான் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்கவில்லை? அவர் காலமாகி ஒன்பது வருஷமாகியும் அந்தச் சட்டம் சாகவில்லை. செல்போனில் ஒரு நேரம், பள்ளியில் ஒரு நேரம் என்பது எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது. இந்த நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. 'அது ஸ்கூல் டைம்' என்றால் பேச்சு முடிந்தது.

அதனால்தான் டீச்சர்களும் வாயைத் திறக்கவில்லை. பாதிப்பேர் ஸ்கூட்டரில் வருகிறவர்கள். கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிக்கொண்டார்கள். காலையில் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள், சாயங்காலம் மணி முந்தி அடித்தபோது முணுமுணுக்காமல் போனார்கள். மாட்டிக்கொண்டது பஸ்ஸை நம்பி வருகிற ஒருத்திதான். ஏழு மணி பஸ்ஸை விட்டால் அதற்கு முந்தியது ஐந்து ஐம்பதுக்கு.

"அந்த பஸ்ஸுக்கு வந்துரேன் தங்கப்பொண்ணு. கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார் ஹெப்சிபா மிஸ். எல்.கே.ஜி. டீச்சர், நல்ல மனுஷி. "இல்லாட்டி அந்தப் பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போ. வெறும் பேப்பர்தானே. ஊரோட ஒத்து வாழணும்னு சும்மாவா சொன்னாங்க?"

"நேரத்துக்கு வாரவ எதுக்கு மிஸ் ஒரு மணி நேரம் முந்தி வரணும்? வெறும் பேப்பர்னா அவரே போட்டுக்க வேண்டியதுதானே. என் கையெழுத்து எதுக்கு?"

ஹெப்சிபா மிஸ் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எல்லோரும் காத்திருக்கிற இடத்தில் ஆயா போய்க் கட்டினால் அவர்தான் என்ன சொல்வார்.

மெஷினை ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னாள் தங்கப்பொண்ணு. ஸ்டீபன் சார் அநியாயக்காரர் இல்லை. "பாத்துடலாம். அப்புறம் நீ பேசக்கூடாது" என்று, மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே சர்வீஸ் பண்ணுகிற ஜினோவை வரவழைத்தார். தோளில் பையும் காதில் ஒயருமாக வந்தான் ஜினோ. கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து தூசி ஊதினான். உள்ளே இருந்து பொட்டு அளவுக்கு ஒரு வட்ட பேட்டரியைக் கழற்றிக் காட்டினான்.

"இதுதான்க்கா. இது போச்சுன்னா டைம் தப்பும். புதுசு போட்டுர்றேன்."

தங்கப்பொண்ணு துடைப்பத்தோடு கதவருகே நின்றிருந்தாள். "தம்பி, எங்க வீட்டுச் செவுத்துக் கடிகாரத்துல பேட்டரி தீந்தா அது பின்னாடிதானே போகும்? நொண்டி நொண்டி நிக்கும். சாகப் போறது எப்பிடிப்பா முன்னாடி ஓடும்?"

ஜினோ சிரித்தான். "அது வேறக்கா, இது கம்ப்யூட்டர்."

பேட்டரியை மாட்டிவிட்டு நேரம் வைக்கப் போனவன் தன் செல்போனைப் பார்த்தான். புருவத்தைத் தூக்கினான். "என்ன மிஸ், உங்க டைம் ரொம்ப முன்னாடி இருக்கு?"

ஜெனி நிமிரவே இல்லை. "எங்க ஸ்கூல் கடிகாரம் எப்பவுமே முன்னாடிதான் இருக்கும். பெரிய சார் ரூல். செல்ல பாக்காதீங்க, சுவத்துக் கடிகாரத்தப் பாத்து வைங்க."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு இன்னும் நாலு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்டீபன் சார் தங்கப்பொண்ணைப் பார்த்து, "புது பேட்டரி போட்டாச்சு. இனிமே மெஷின் மேல பழி போட முடியாது" என்றார்.

திங்கட்கிழமை தங்கப்பொண்ணு விரலை வைத்தாள். சிவப்பு. எட்டு ஆறு.

அன்று மத்தியானம் சோறூட்டி முடித்து, பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஜாக்கெட்டுக்குள்ளிருந்த டிக்கெட்டுகளை எடுத்துச் சின்ன பெஞ்சில் வரிசையாக அடுக்கினாள். முன்பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருந்தது. ஏழு மணி, ஏழு ஒன்று, மீண்டும் ஏழு. அந்த டிரைவர் அப்படி. பின்பக்கம் திருப்பினாள். முதல் வாரத்து ஆறு டிக்கெட்டிலும் எட்டு இரண்டு, அதிகம் போனால் ஒரு நிமிடம் இப்படி அப்படி. அடுத்த வாரத்து ஆறிலும் எட்டு நாலு. இன்றைக்கு எட்டு ஆறு.

ஒவ்வொன்றாக விரல் வைத்து மறுபடி படித்தாள். கடிகாரம் வேகமாக ஓடுவதாக இருந்தால் தினம் தினம் அல்லவா ஏற வேண்டும்? செவ்வாய்க்கிழமை கொஞ்சம், புதன்கிழமை கொஞ்சம். இது வாரம் முழுக்க மண்ணு மாதிரி கிடந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் மட்டும் இரண்டு நிமிடம் குதிக்கிறது. பேட்டரிக்கு நாள் கிழமை தெரியுமா? அது எந்தக் காலண்டரைப் பார்த்தது?

"இது ஓடல மிஸ்" என்றாள், நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஹெப்சிபா மிஸ்ஸிடம். "யாரோ தள்ளுறாக."

"யாரு தள்ளுவா? உனக்கு யாரு பகையாளி?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் எப்போது தள்ளுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. சனிக்கிழமை அவள் போன பிறகு, திங்கட்கிழமை அவள் வருவதற்கு முன்னால்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். தங்கப்பொண்ணு ஆபீஸ் வராந்தாவைக் கழுவுகிறேன் என்று பக்கெட்டோடு உட்கார்ந்துகொண்டாள். ஜெனி கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது வாட்ச்மேன் விருமாண்டி உள்ளே வந்தார். "இரு தாயி, அணைச்சிராத" என்றார். திரையைக் குனிந்து பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்து, சாவி கொடுத்து, முள்ளை மெதுவாக முன்னால் தள்ளினார்.

தங்கப்பொண்ணு பக்கெட்டை அப்படியே விட்டு எழுந்து வந்தாள். "என்னண்ணே பண்றீக?"

"இதென்ன கேள்வி? வாராவாரம் சாவி குடுத்து டைம் வைக்கிறதுதானே? இருபத்திரெண்டு வருசமா நான்தான் வைக்கிறேன்."

"எதப் பாத்து வைக்கிறீக?"

"முந்தியெல்லாம் கைக்கடியாரத்தப் பாத்து வச்சேன். கம்ப்யூட்டர் வந்த பெறகு சார் சொல்லிட்டாரு, அதப் பாத்து வையுங்க, அதுதான் துல்லியமுன்னு. அதப் பாத்துட்டு ரெண்டு நிமிசம் கூட வப்பேன். பெரிய சார் சொன்னது மாறலாமா?"

அவர் குரலில் அப்படி ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தின் மானமே அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிற மாதிரி. தங்கப்பொண்ணுக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்காக அவள் வாழ்நாளில் முதல்முறையாகத் திங்கட்கிழமை ஐந்து ஐம்பது பஸ்ஸில் ஏறினாள்.

பக்கத்துத் தெருக்காரி ஜெனி ஏழரைக்கே வந்து ஆபீஸைத் திறப்பாள். அன்று வாசலில் தங்கப்பொண்ணு நிற்பதைப் பார்த்து, "என்னக்கா, திருந்திட்டீங்களா?" என்றாள். தங்கப்பொண்ணு பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜெனி கம்ப்யூட்டரைப் போட்டாள். கழுத்தைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரையின் மூலையில் அழுத்தி, நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டினாள்.

"ஏன் கூட்டுற?"

"கம்ப்யூட்டர் வாராவாரம் ரெண்டு நிமிஷம் பின்னால போயிருதுக்கா. ஸ்கூல் டைமுக்கு வைக்கணும்ல? மொதல்ல இன்டர்நெட்ல இருந்து அதுவா டைம் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் சுவத்துக் கடிகாரத்துக்கு வச்சா மறுநாளே பழைய டைமுக்கு ஓடிரும். பெரிய சார் ரூலுக்கு ஒத்து வரல. அத ஆஃப் பண்ணிட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். விருமாண்டி கம்ப்யூட்டரை நம்பி இரண்டு நிமிடம் கூட்டினார். ஜெனி சுவரை நம்பி இரண்டு நிமிடம் கூட்டினாள். வாரம் ஒரு தடவை, ஜூனிலிருந்து. இரண்டு பேரும் சட்டத்தை மீறவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கவும் இல்லை. இப்படி இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருந்தார்கள்.

ஸ்டீபன் சார் வந்ததும் தங்கப்பொண்ணு அனுமதி கேட்காமல் உள்ளே போனாள். "கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்தியா?" என்றார் அவர். அவள் டிக்கெட்டுகளை மேசையில் பரப்பினாள். விருமாண்டியையும் ஜெனியையும் கூப்பிடச் சொன்னாள்.

"நீங்க எதப் பாத்து வைக்கிறீகன்னு சாருகிட்டச் சொல்லுங்கண்ணே."

"கம்ப்யூட்டர."

"நீ எதப் பாத்து வைக்கிற ஜெனி?"

"சுவத்துக் கடிகாரத்த…" என்று தொடங்கிய ஜெனி பாதியில் நிறுத்தினாள். விருமாண்டிக்கு இன்னும் விளங்கவில்லை. "ரெண்டு நிமிசந்தானே சார், பெரிய சார் காலத்துல இருந்து…" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"உங்க செல்ல எடுத்துப் பாருங்க சார்" என்றாள் தங்கப்பொண்ணு.

ஸ்டீபன் சார் எடுத்துப் பார்த்தார். ஒன்பது நாற்பத்திரண்டு. அதே நேரத்தில் வெளியே பத்து மணிக்கான பெல் அடித்தது. அவர் சுவரைப் பார்த்தார், செல்லைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். முப்பது வருஷமாக அளக்காமல் விட்டது அன்றைக்கு அவர் கையில் பதினெட்டு நிமிடமாக நின்றது.

கடிகாரங்களைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுப்பதை ஜெனி மறுபடி போட்டுவிட்டாள். விருமாண்டி ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருத்தினார். இனி ஊருக்கும் பள்ளிக்கும் ஒரே நேரம் என்று ஸ்டீபன் சார் சொன்னார். சொல்லும்போது அப்பா படத்தின் பக்கம் அவர் திரும்பவில்லை.

"சரி தங்கப்பொண்ணு, நீ போ. லெட்டர் வேண்டாம். மன்னிச்சு விட்டாச்சு."

தங்கப்பொண்ணு போகவில்லை. "மெஷின்ல பதினெட்டு நாள் லேட்டுன்னு இருக்கே சார், அது?"

ஜெனி தயங்கித் தயங்கிச் சொன்னாள். பழைய பதிவை அழிக்க முடியாது. பக்கத்தில் ஒரு குறிப்புப் போடலாம். 'தாமதம் மன்னிக்கப்பட்டது' என்று அதிலேயே ஒரு வசதி இருக்கிறது.

"தப்புச் செஞ்சவளுக்குத்தானே மன்னிப்பு? எனக்கு எதுக்கு?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "லேட்டா வந்தவக லிஸ்ட்டுன்னு என் பேர வாசல் போர்டுல ஒட்டுனீக. பிள்ளைய விட வார தாய்மாரெல்லாம் படிச்சாக. ஒரு அம்மா ஏங்கிட்டயே கேட்டுச்சு, 'நீங்க நேரத்துக்கு வராட்டி எம்பிள்ளைய யாரு பாப்பா'ன்னு. அதே போர்டுல எழுதுங்க சார், நான் லேட்டா வரலன்னு."

"போர்டுல எழுதுறதா? ஸ்கூல் மானம் என்ன ஆகுறது?"

"என் மானம் ரெண்டு வாரமா அந்தப் போர்டுலதான சார் தொங்குச்சு."

ஸ்டீபன் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயம் எதிராளி பக்கம் இருக்கும்போது வருகிற கோபத்துக்குக் காரம் அதிகம். வேலை மிச்சமானதே பெரிது, ரொம்பப் பண்ணாதே என்றார். வெளியே போகச் சொன்னார். அவள் போனாள். வாசலில் திரும்பி ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "நாளையில இருந்து வேல பாப்பேன். ரேகை வைக்க மாட்டேன். என்னப் பொய்க்காரின்னு சொன்ன மெஷினுக்கு நான் விரல் குடுக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். செவ்வாய்க்கிழமை ஏழு ஐம்பதுக்கு வந்து மெஷினைத் தாண்டி நேரே எல்.கே.ஜி.க்குப் போனாள். மெஷின் கணக்கில் அன்று அவள் வரவில்லை. எல்.கே.ஜி.யில் முப்பத்தோரு பிள்ளைகளும் அவள் கையால்தான் சாப்பிட்டன. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமையும் அப்படியே. ஹெப்சிபா மிஸ் கெஞ்சிப் பார்த்தார். "ஜெயிச்சுட்டியே, இன்னும் என்ன பிடிவாதம்?" என்றார்.

"நான் எங்க மிஸ் ஜெயிச்சேன்? கடிகாரம்தான் சரியாச்சு."

சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பயமும் இருந்தது. கொடிக்கால் வேலை நிரந்தரமில்லை, சங்கிலிக்கு முதுகு வலி, இந்த வயதில் வேறு எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் நின்றாள். பஸ்ஸில் வரும்போது தினமும் ஒரு தடவை, இன்றைக்கு விரலை வைத்துவிடலாமா என்று நினைத்தாள். போர்டு ஞாபகம் வந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் விருமாண்டி தாளாளர் அறைக்குப் போனார். "தள்ளுனது என் கை சார். அந்தப் பொம்பளைய ஏன் நிக்க வைக்கிறீங்க? வேணும்னா என் பேர எழுதி ஒட்டுங்க" என்றார். அவருக்கு வாழ்நாளில் இவ்வளவு நீளமாகத் தாளாளரிடம் பேசிப் பழக்கமில்லை. ஸ்டீபன் சார் என்ன நினைத்தாரோ, வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்கெல்லாம் பள்ளி வாசலில் வந்து நின்றார். ஒன்பதரைக்கு முன்னால் அவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. தெருமுனையில் தங்கப்பொண்ணு வருவது தெரிந்ததும் செல்போனை எடுத்துப் பார்த்தார். ஏழு நாற்பத்தேழு. அவள் கேட்டுக்குள் கால் வைத்தபோது ஏழு நாற்பத்தெட்டு.

போர்டில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தங்கப்பொண்ணு நின்று விரல் வைத்துப் படித்தாள். 'கடிகாரப் பிழை காரணமாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திருமதி தங்கப்பொண்ணு மீது இடப்பட்ட தாமதப் பதிவுகள் ரத்து செய்யப்படுகின்றன. அவர் எல்லா நாட்களும் உரிய நேரத்தில் பணிக்கு வந்தார்.'

"யாரு தப்புன்னு இல்லையே சார்" என்றாள்.

ஸ்டீபன் சார் அவளை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தார். பிள்ளைகளை விட வந்த இரண்டு தாய்மார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளைப் போர்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசியில் 'தவறு பள்ளி நிர்வாகத்தினுடையது' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

தங்கப்பொண்ணு கட்டைவிரலை முந்தானையில் துடைத்து மெஷினில் வைத்தாள். பச்சை எரிந்தது.

"அன்னைக்கே அந்த லெட்டர்ல நீ ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா" என்றார் ஸ்டீபன் சார், தாழ்ந்த குரலில், "இவ்வளவு பிரச்சினை வந்திருக்குமா?"

"வந்திருக்காது சார். கடிகாரம் சரின்னு ஆயிருக்கும். நான் தப்புன்னு ஆயிருப்பேன்."

உள்ளே ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.